தோட்டத்துக்கு வந்த வல்லூறு

(பழைய மாணவர் சங்கத்தின் ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரை. மலருக்காகப் பேச்சு நடையிலேயே எழுதித் தரப்பட்டது.)



நம் செயலாளர் எனக்கு வகுப்புத் தோழர். போன மாதம் போன் செய்து, "ஏம்ப்பா, நீ ஏதோ பருந்து படமெல்லாம் எடுக்கியாமே, அதைப் பத்தி ஒரு இருபது நிமிஷம் பேசு" என்றார். "அது பருந்து இல்லப்பா, வல்லூறு" என்றேன். "ரெண்டும் ஒண்ணுதான். சாப்பாட்டுக்கு முன்னால முடிச்சிரு" என்று வைத்துவிட்டார். ஆகவே ரெண்டும் ஒண்ணு இல்லை என்பதிலிருந்தே தொடங்குகிறேன். சாப்பாட்டுக்கு முன்னால் கட்டாயம் முடித்துவிடுவேன், பயப்பட வேண்டாம்.

நான் இங்கே இயற்பியல் படித்தவன். விலங்கியல் பக்கம் எட்டிப் பார்த்ததெல்லாம் அந்தத் துறை வராந்தாவில் காற்று நன்றாக வரும் என்பதற்காகத்தான். பறவைகளைப் பற்றி எனக்குத் தெரிந்தது காக்கை, குருவி, கோழி. 2016-ல் ஓய்வு பெற்று, பாளையங்கோட்டையில் வீட்டோடு இருக்க ஆரம்பித்தபோது என் மகன் ஒரு டிஜிட்டல் காமிராவும் முந்நூறு மில்லிமீட்டர் லென்ஸும் வாங்கித் தந்தான். "அப்பா, சும்மா இருந்தா அம்மாவோட சண்டை போடுவீங்க, இத வச்சுக்குங்க" என்றான். காமிரா வந்தது, சண்டையும் நிற்கவில்லை. அது வேறு கதை.

எங்கள் வீட்டுப் பின்பக்கம் பத்து சென்ட் தோட்டம். நாலு தென்னை, ஒரு மா, ஒரு முருங்கை, மோட்டார் ஷெட், துணி துவைக்கிற கல், பக்கத்தில் ஒரு சிமெண்ட் தொட்டி. மதில் சுவருக்கு அந்தப் பக்கம் ஆச்சி வீட்டு வேம்பு. நம் ஊர்ப் பக்கம் நிறைய வீடுகளில் இருப்பதுதான், விசேஷமாக ஒன்றும் இல்லை.

2017 ஜனவரியில் ஒரு காலை, பல் தேய்த்துக்கொண்டு நின்றேன். திடீரென்று அணில்கள் எல்லாம் சேர்ந்து கத்தின. தவிட்டுக் குருவிகள் முருங்கையைச் சுற்றி ஒரே கூப்பாடு. பூனை வந்திருக்கிறது என்று நினைத்தேன். கிளையில் பார்த்தால் புறா அளவில் ஒரு சாம்பல் நிறப் பறவை, அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. அத்தனை கூச்சலுக்கும் அதன் பதில், தலையை மெதுவாக ஒரு முறை திருப்பியது, அவ்வளவுதான். என் மனைவி வந்து பார்த்துவிட்டு, "குயிலுங்க" என்றாள். நான், "பருந்துக் குஞ்சு" என்றேன். இரண்டு பேர் சொன்னதும் தப்பு.

அன்று மாலையே சாலிம் அலியின் இந்தியப் பறவைகள் புத்தகத்தைத் தேடி எடுத்தேன். 1941-ல் முதல் பதிப்பு வந்த புத்தகம் அது. வட இந்தியாவில் சிக்ரா என்பார்கள். தமிழில் வல்லூறு, வைரி என்று இரண்டு பெயர்களும் வழங்குகின்றன.

பருந்து வேறு. அது வானத்தில் வட்டமடிக்கும், நீண்ட சிறகு, கரும்பருந்து என்றால் வால் நுனி பிளவுபட்டிருக்கும். வல்லூறு வட்டமடித்து இரை தேடுகிற ஜாதி இல்லை. இலை மறைவில் உட்கார்ந்து காத்திருந்து, தாழப் பறந்து, ஒரே பாய்ச்சலில் அடிக்கும். அதனால்தான் குட்டையான, நுனி உருண்ட சிறகும் நீளமான வாலும். கிளைகளுக்கு நடுவே புகுந்து திரும்புவதற்கு அந்த வால்தான் சுக்கான்.

என் மனைவி குயில் என்று சொன்னதும் முழுத் தப்பு இல்லை என்று பிறகு தெரிந்தது. அக்காக்குயில் என்று ஒன்று உண்டு. அதுவும் வல்லூறும் தூரத்தில் ஒரே உடை: சாம்பல் முதுகு, வயிற்றில் செம்பழுப்புக் குறுக்குக் கோடு, வாலில் பட்டை. அக்காக்குயில் தவிட்டுக் குருவியின் கூட்டில் திருட்டுத்தனமாக முட்டை இடுகிற பறவை. போலீஸ் உடுப்பு போட்டுக்கொண்டு திருடப் போகிறவன் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அலகையும் காலையும் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். வல்லூறின் அலகு கொக்கி போல வளைந்தது, கால் உறுதியான மஞ்சள், நகம் ஊசி.

ஆண் சிறியது, பெண் பெரியது. வேட்டைப் பறவைகளில் பெரும்பாலும் இப்படித்தான். வளர்ந்த ஆணுக்குக் கண் சிவப்பு. பெண்ணுக்கு ஆரஞ்சு கலந்த மஞ்சள். இளம் பறவைக்கு வெளிர் மஞ்சள் கண், மார்பில் நெடுக்குக் கீற்றுகள். எங்கள் தோட்டத்துக்கு வந்தது சிவப்புக் கண். ஆகவே ஆண். இதெல்லாம் தெரிந்தபின் ஒரு ஆசை வந்தது. இதை ஒரு நல்ல படம் எடுக்க வேண்டும்.

இங்கே இயற்பியல் மாணவர்கள் கொஞ்சம் கவனிக்க வேண்டும். நாம் லென்ஸ் சமன்பாட்டை மனப்பாடம் செய்து பரீட்சை எழுதிவிட்டு மறந்தோம் அல்லவா? நாற்பது வருஷம் கழித்து அது என் தோட்டத்தில் வந்து நின்றது. பறவையின் நீளம் முப்பது சென்டிமீட்டர் என்று வையுங்கள். தூரம் இருபது மீட்டர். லென்ஸ் முந்நூறு மில்லிமீட்டர். காமிராவுக்குள் விழும் பிம்பத்தின் நீளம் நாலரை மில்லிமீட்டர். என் காமிராவின் சென்சார் உயரம் சுமார் பதினாறு மில்லிமீட்டர். அதாவது படத்தின் உயரத்தில் பறவை மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. பத்து மீட்டருக்குப் போனால் பிம்பம் ஒன்பது மில்லிமீட்டர். தூரம் பாதியானால் பறவை இரண்டு மடங்கு. இந்தச் சின்னக் கணக்குதான் படம் எடுக்கிறவன் காதில் எப்போதும் ஓதிக்கொண்டே இருக்கும்: "இன்னும் கொஞ்சம் கிட்டப் போ, இன்னும் கொஞ்சம் கிட்டப் போ." பின்னால் சொல்லப் போகிற வம்புக்கெல்லாம் இந்த ஓதல்தான் காரணம்.

இன்னொரு கணக்கு ஷட்டர் வேகம். பறவை வினாடிக்குப் பத்து மீட்டர் வேகத்தில் பாய்கிறது என்றால், அறுபதில் ஒரு பங்கு வினாடிக்கு ஷட்டர் திறந்திருக்கும்போது அது சுமார் பதினேழு சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். படத்தில் சாம்பல் பூசின மாதிரி ஒரு கோடுதான் விழும். ஆயிரத்தில் ஒரு பங்கு வினாடி வைத்தால் ஒரு சென்டிமீட்டர்தான் நகரும். அப்படி வைக்க வெளிச்சம் வேண்டும். காலை ஏழு மணிக்கு முருங்கை நிழலில் அந்த வெளிச்சம் ஏது?

முதல் இரண்டு மாதம் நான் எடுத்த படங்களைப் பார்த்தால் சிரிப்பீர்கள். வெறும் கிளை. கிளையும் வால் நுனியும். வானம். ஒன்றில் மட்டும் பறவை முழுதாக விழுந்தது, ஆனால் கண் பால் ஊற்றின மாதிரி வெள்ளை. கண் நோயோ என்று பயந்துவிட்டேன். பறவைகளுக்கு மூன்றாவது இமை ஒன்று உண்டு. மெல்லிய படலம், குறுக்கே வந்து கண்ணைத் துடைத்துவிட்டுப் போகும். அந்த நொடியில் நான் பொத்தானை அழுத்தியிருக்கிறேன்.

நான் செய்த அடிப்படைத் தவறு, பறவையைத் துரத்தியது. காமிராவைத் தூக்கிக்கொண்டு லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு மரத்துக்கு மரம் ஓடினேன். கழுகு, வல்லூறு இனத்துக்குக் கண் மிகவும் கூர்மை. விழித்திரையில் நமக்குக் கூர்மையாகத் தெரிகிற குழி ஒரு கண்ணுக்கு ஒன்று, அவற்றுக்கு இரண்டு. நான் அடுக்களை வாசலைத் தாண்டும்போதே அது என்னைப் பார்த்து முடித்திருக்கும்.

பிறகு ஒரு நாள் சும்மா உட்கார்ந்து கவனித்தேன். அது வருவதற்கு ஒரு முறை இருந்தது. முதலில் தென்னை மட்டை, பிறகு முருங்கை, பிறகு மோட்டார் ஷெட்டின் விளிம்பு. மார்ச் வெயில் ஏறியதும் மதியம் தொட்டிக்குத் தண்ணீர் குடிக்க வந்தது. குளிக்கவும் செய்தது. அப்படியானால் நான் ஏன் ஓட வேண்டும்? தொட்டியிலிருந்து ஒன்பது மீட்டரில் எங்கள் பழைய குளியலறை ஜன்னல். என் மனைவியின் பழைய காப்பிப்பொடி நிறச் சேலை ஒன்றைத் திரையாகக் கட்டி, லென்ஸ் நுழைகிற அளவுக்கு ஓட்டை போட்டேன். அது பழைய சேலை இல்லை, பொங்கலுக்கு எடுத்தது என்று அப்புறம்தான் தெரியவந்தது. அந்த வாரம் வீட்டில் என்ன நடந்தது என்பதைச் சபையில் சொல்ல முடியாது.

அந்த ஜன்னலுக்குப் பின்னால் கவிழ்த்த வாளியில் உட்கார்ந்து பதினோரு நாள் மதியம் காத்திருந்தேன். பன்னிரண்டாம் நாள் கிடைத்தது.

(திரையில் முதல் படம்.)

இதுதான். தொட்டி விளிம்பில் நிற்கிறது. சிவப்புக் கண்ணில் ஒரு வெளிச்சப் புள்ளி தெரிகிறதா? அந்தப் புள்ளி இருந்தால்தான் கண்ணுக்கு உயிர். உயிர் உள்ள பறவைப் படத்துக்குக் கண்தான் ஃபோகஸ். மற்றது எது மங்கினாலும் பரவாயில்லை.

(இரண்டாவது படம்.)

இது மோட்டார் ஷெட் மேல். பின்னால் வானம் வெளுப்பு, அப்படியே எடுத்தால் பறவை கரிக்கட்டை ஆகிவிடும். காமிரா சொன்ன அளவைவிட ஒரு ஸ்டாப் கூடுதல் வெளிச்சம் வைத்து எடுத்தது. கால் நகத்தில் ஓணான்.

(மூன்றாவது படம்.)

பறக்கக் கிளம்புகிற நொடி. இதற்கு ஒரு ரகசியம் இருக்கிறது, இலவசமாகத் தருகிறேன். கிளம்புவதற்கு முன்னால் அது முன்பக்கம் சாய்ந்து, வாலைத் தூக்கி எச்சம் போடும். எச்சம் விழுந்தவுடன் பொத்தானில் விரலை வையுங்கள்.

என் மனைவி அணில்களுக்குத் தினமும் சாதம் வைப்பவள். ஒரு நாள் அவள் கண் முன்னாலேயே வல்லூறு ஒரு அணில் குட்டியைத் தூக்கியது. "நான் சோறு போடுறேன், அது பிள்ளையத் தூக்குது, நீங்க படம் பிடிக்கிறீங்க. இந்த வீட்ல யாருக்குத்தான் இரக்கம் இருக்கு?" என்று கேட்டாள். பதில் சொல்ல முடியவில்லை. அதன் கூட்டிலும் வாயைத் திறந்துகொண்டு குஞ்சுகள் இருக்கும் என்றேன். அன்று அவள் சமாதானம் ஆகவில்லை. ஆனால் அவள் கேள்வியால் ஒன்று நடந்தது. இந்தப் பறவை எதைத் தின்கிறது என்று யோசித்தேன். ஓணான், எலி, வெட்டுக்கிளி. நான் ரோஜாச் செடிக்கும் கத்தரிக்கும் அடிக்கிற மருந்து வெட்டுக்கிளிக்குப் போய், அதிலிருந்து ஓணானுக்குப் போய், கடைசியில் எங்கே போய்ச் சேரும்?

இது வெறும் கற்பனை இல்லை. ரேச்சல் கார்சன் 1962-ல் எழுதிய மௌன வசந்தம் என்ற புத்தகம் டி.டி.டி.யைப் பற்றி உலகத்தையே யோசிக்க வைத்தது. 1967-ல் பிரிட்டனில் டெரக் ராட்கிளிஃப் என்பவர் வேட்டைப் பறவைகளின் முட்டை ஓடு மெலிந்துபோனதை அளந்து காட்டினார். அடைகாக்க உட்கார்ந்தால் முட்டை உடைந்தது. நம் நாட்டுக் கதை இன்னும் சோகம். மாட்டுக்கு வலி நிவாரணியாகப் போட்ட டைக்ளோஃபினாக் மருந்து, செத்த மாட்டைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்து, அவற்றை ஏறக்குறைய அழித்தே விட்டது. அதைக் கால்நடைகளுக்குப் பயன்படுத்துவதை அரசு 2006-ல் தடை செய்தது. நான் மருந்து அடிப்பதையும் எலிக்கு விஷம் வைப்பதையும் நிறுத்தினேன். கத்தரி கொஞ்சம் சொத்தையாகத்தான் வருகிறது. வெட்டிப் போட்டுவிட்டுச் சாப்பிடுகிறோம்.

இதுவரை சொன்னது பெருமைக் கதை. இனிமேல் சொல்லப் போவதுதான் நான் சொல்ல வந்தது.

2019 மார்ச்சில் இரண்டு பறவைகளாக வந்தன. "டி-டியூ, டி-டியூ" என்று நாள் முழுவதும் கத்தல். கரிச்சான் குருவியும் அப்படியே கத்தி ஏமாற்றும், அதனால் முதலில் நம்பவில்லை. பிறகு சுள்ளி ஒடித்துக்கொண்டு போவதைப் பார்த்தேன். ஆச்சி வீட்டு வேம்பில், கவட்டையில், காக்கைக் கூடு மாதிரி ஒரு கூடு. எங்கள் மொட்டை மாடியிலிருந்து பன்னிரண்டு மீட்டர். பெண் பறவை அடைகாத்தது. ஆண் இரை கொண்டுவந்து கொடுத்தது. ஏப்ரல் கடைசியில் பஞ்சு உருண்டை மாதிரி இரண்டு தலை எட்டிப் பார்த்தன.

படம் எடுக்கலாம் என்றால், கூட்டுக்கு முன்னால் இலை அடர்ந்த இரண்டு கொப்பு தொங்கியது. எப்படித் திரும்பி நின்றாலும் இலைதான் தெரிந்தது. ஒரு வாரம் பொறுத்தேன். பிறகு அந்த ஓதல் ஆரம்பித்தது. இரண்டே கொப்பு. கூட்டைத் தொடப் போகிறோமா? மரத்தில் ஏறப் போகிறோமா? மாடியிலிருந்தபடியே தொரட்டியால் இழுத்துவிட்டால் ஆயிற்று.

ஆச்சியிடம் போய், "ஆச்சி, எங்க மாடிப் பக்கம் வர்ற ரெண்டு கொப்ப இழுத்துப் போட்டுக்கிடட்டுமா?" என்று கேட்டேன். "வேப்பங் கொழ தான, ஆட்டுக்கு ஆகும், எடுத்துக்கய்யா" என்றார். கூடு இருப்பதையோ, படம் எடுக்கப் போவதையோ நான் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று இப்போது கேட்டால், சொன்னால் வேண்டாம் என்பார் என்று எனக்கே உள்ளூரத் தெரியும் என்பதுதான் பதில்.

தாய்ப் பறவை இரை வாங்கப் போன நேரம் பார்த்து, பத்து நிமிஷத்தில் வேலையை முடித்தேன். அது திரும்பி வந்தது. கொஞ்சம் நேரம் பக்கத்துக் கிளையில் நின்றது, பிறகு கூட்டில் இறங்கியது. பாதகம் ஒன்றும் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் மதியம் அந்தப் படம் கிடைத்தது. கூட்டின் விளிம்பில் தாய் நிற்கிறது. இரண்டு சிறகையும் முழுதாக விரித்திருக்கிறது. அந்தச் சிறகுக்குக் கீழே இரண்டு குஞ்சும் முகத்தோடு முகம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன. சிறகின் ஒவ்வொரு இறகிலும் வெயில் ஊடுருவி, கண்ணாடி மாதிரி. என் வாழ்க்கையில் அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஒரு படம் எடுத்ததில்லை. தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்பினேன். எல்லோரும் ஒரே வார்த்தைதான் சொன்னார்கள்: "தாய்ப்பாசம்." நானும் அதையே தலைப்பாக வைத்தேன். பிரிண்ட் போட்டு, சட்டம் மாட்டி, ஆச்சியிடம் காட்டப் போனேன்.

ஆச்சிக்கு எண்பது வயதுக்கு மேல். எழுதப் படிக்கத் தெரியாது. படத்தைத் தூரப் பிடித்துப் பார்த்தார். மரத்தைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார். பிறகு சொன்னார்: "ஏய்யா, இது பாசத்துல ரெக்கைய விரிக்கலய்யா. பிள்ளைகளுக்கு வெயிலு பொசுக்குது, மறைச்சுக்கிட்டு நிக்கி. நிழலத்தான் நீ எடுத்துப்புட்டியே."

வீட்டுக்கு வந்து காமிராவில் இருந்த படங்களையெல்லாம் நேரம் பார்த்து வரிசையாக வைத்தேன். டிஜிட்டல் காமிராவில் ஒவ்வொரு படத்திலும் எடுத்த மணி, நிமிஷம் பதிவாகும். கொப்பு வெட்டுவதற்கு முன்னால், இலை இடுக்கில் மங்கலாக எடுத்த முப்பது, நாற்பது படங்கள். ஒன்றில்கூடச் சிறகு விரிக்கவில்லை. வெட்டிய பிறகு, பகல் ஒரு மணியிலிருந்து நாலு மணி வரை எடுத்த படங்கள் எல்லாவற்றிலும் சிறகு விரித்தபடி நிற்கிறது. வாய் பிளந்து மூச்சு வாங்குகிறது. அந்த இரண்டு கொப்பும் மேற்கு வெயிலுக்கு மறைப்பு. மாதம் மே, அக்னி நட்சத்திரம். இயற்பியல் படித்தவனுக்குச் சூரியன் எந்தப் பக்கம் சாயும் என்று தெரியாமல் போனது.

உடனே மாடியில் ஓலை கட்டலாமா, சாக்கு தொங்க விடலாமா என்று அலைந்தேன். எதைச் செய்தாலும் பறவை பயந்து கூட்டையே விட்டுவிடுமோ என்று பயம். ஒன்றும் செய்ய முடியவில்லை. வெட்டிய கொப்பை ஒட்ட வைக்க முடியுமா?

நாலாம் நாள் காலை காக்கைகளின் சத்தம். இலை மறைவு போனதால் கூடு அவற்றுக்கும் நன்றாகத் தெரிந்திருக்கிறது. எனக்கு எது தெரிய வேண்டும் என்று ஆசைப்பட்டேனோ அது ஊருக்கே தெரிந்துவிட்டது. தாய்ப் பறவை இரண்டு காக்கைகளை விரட்டிக்கொண்டு போனபோது மூன்றாவது, நாலாவது வந்தன. நான் மாடிக்கு ஓடி, கத்தி, கல்லை எறிந்து... எல்லாம் முடிந்துவிட்டது. இரண்டு நாள் அந்தப் பறவைகள் மரத்தைச் சுற்றிக் கத்தின. பிறகு போய்விட்டன. அந்த வேம்பில் இன்றுவரை வல்லூறு கூடு கட்டவில்லை.

அந்தப் படத்தைச் சட்டத்திலிருந்து கழற்றிவிட்டேன். செயலாளர் அந்தப் படத்தைத்தான் இந்த ஆண்டு மலருக்கு அட்டையாகக் கேட்டார். தர மறுத்தேன். அவருக்கு வருத்தம். இன்று திரையில் மூன்று படம்தான் காட்டினேன், நாலாவது இதோடு வரவில்லை. அவர் இப்போது காரணத்தைப் புரிந்துகொள்வார் என்று நம்புகிறேன். அந்தப் படத்தைப் பார்க்கிற யாரும் அழகு என்றுதான் சொல்வார்கள். அப்படிச் சொல்ல வைப்பதற்கு எனக்கு உரிமை இல்லை.

பிறகுதான் படித்தேன். நம் நாட்டின் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டை என்ற சொல்லுக்கு விளக்கம் கொடுத்திருக்கிறார்கள். சுடுவதும் பிடிப்பதும் மட்டும் இல்லை. காட்டுப் பறவையின் முட்டையையோ கூட்டையோ தொந்தரவு செய்வதும் அதில் அடங்கும். சட்டத்தின் கணக்கில் பார்த்தால் துப்பாக்கியே தொடாத நான் வேட்டைக்காரன்.

பிரிட்டனில் எரிக் ஹாஸ்கிங் என்று பெரிய பறவைப் படக்காரர் இருந்தார். 1937-ல் கூட்டின் பக்கம் போனபோது ஆந்தை அடித்து இடது கண்ணை இழந்தார். கூட்டில் இருக்கும் பறவைக்கு நாம் எவ்வளவு பெரிய பயம் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? என் வல்லூறு என்னை அடிக்கவில்லை. அடித்திருந்தால் ஒருவேளை எனக்குப் புத்தி வந்திருக்கும்.

நம்ம திருநெல்வேலியில் 1912-ல் பிறந்தவர் மா. கிருஷ்ணன். அ. மாதவையாவின் மகன். பல உதிரிப் பாகங்களைச் சேர்த்துத் தானே அமைத்துக்கொண்ட காமிராவில் கறுப்பு வெள்ளையில் காட்டு விலங்குகளைப் படம் எடுத்தவர். ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் 1950-லிருந்து 1996-ல் மறையும் வரை இயற்கையைப் பற்றிப் பத்தி எழுதினார். தமிழிலும் எழுதினார். 1970-ல் பத்மஸ்ரீ. அவரைப் படிக்கும்போது எனக்குப் பட்டது, அவருக்கு முதலில் விலங்கு, அப்புறம்தான் படம். எனக்கு அந்த வரிசை மாறிப்போனது. அதுதான் தவறு.

தம்பி தங்கைகளே, உங்கள் எல்லோர் கையிலும் இன்று போன் வடிவில் காமிரா இருக்கிறது. எங்கள் காலத்தில் பிலிம் ரோலில் முப்பத்தாறு படம்தான். ஒரு தடவை அழுத்துவதற்கு முன்னால் பத்து தடவை யோசிப்போம், காசு போய்விடுமே என்று. இப்போது காசு போவதில்லை. அதனால் யோசனையும் போய்விடக் கூடாது. நான் பட்டுத் தெரிந்துகொண்டதை நாலு வரியில் சொல்கிறேன்.

கூடு தெரிந்தால் விலகிப் போங்கள். கூட்டு இடத்தை யாருக்கும் அனுப்பாதீர்கள். ஒரு இலையைக்கூட ஒதுக்காதீர்கள். அது அங்கே காரணத்தோடு இருக்கிறது. பறவையின் குரலைப் போனில் போட்டுக் கூப்பிடாதீர்கள். அது தன் எல்லைக்குள் எதிரி வந்துவிட்டான் என்று நினைத்து அலைக்கழியும். படம் எடுத்த பிறகு பறவை முன்னிருந்த இடத்திலேயே, முன் செய்த வேலையையே செய்துகொண்டிருந்தால் நீங்கள் நல்ல படக்காரர். அது பறந்துவிட்டால், படம் எவ்வளவு நன்றாக இருந்தாலும், நீங்கள் தோற்றுப்போனீர்கள்.

இப்போதும் குளிர்காலத்தில் ஒரு வல்லூறு எங்கள் தோட்டத்துக்கு வருகிறது. சிவப்புக் கண். பழைய பறவைதானா என்று சொல்ல எனக்கு வழி இல்லை. அது மோட்டார் ஷெட்டில் உட்காரும். குளியலறை ஜன்னலில் அந்தச் சேலை இன்னும் தொங்குகிறது. சில நாள் படம் எடுப்பேன், சில நாள் வாளியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டு மட்டும் இருப்பேன். என் மனைவி இப்போது அணில் சாதத்தை மோட்டார் ஷெட் பக்கமிருந்து மாற்றி, செம்பருத்திச் செடிக்கு அடியில் வைக்கிறாள். "ஒளிஞ்சு திங்கட்டும்" என்கிறாள். அவளுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை பாருங்கள்.

கடைசியாக ஒரு வார்த்தை. என்னிடம் இன்னொரு லென்ஸ் இருக்கிறது, அதையும் ஒரு காமிராவையும் நம் கல்லூரி விலங்கியல் துறைக்குத் தருவதாக முதல்வரிடம் சொல்லியிருக்கிறேன். எந்தத் துறை மாணவரும் எடுத்துப் போகலாம். மைதானத்து ஓரத் தூங்குமூஞ்சி மரங்களிலேயே ஒரு வருஷத்துக்கு வேலை இருக்கிறது. ஒரே நிபந்தனை. காமிராவோடு ஒரு நோட்டுப் புத்தகமும் இருக்கும். எடுத்துப் போகிறவர் திருப்பித் தரும்போது அதில் மூன்று விவரம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்: என்ன பறவை, எவ்வளவு தூரத்தில், நான் கிளம்பி வரும்போது அது என்ன செய்துகொண்டிருந்தது.

அந்த நோட்டின் முதல் பக்கத்தை நானே எழுதிவிட்டேன். வல்லூறு. பன்னிரண்டு மீட்டர். மூன்றாவது கேள்விக்கு நேரே நடந்ததை அப்படியே எழுதியிருக்கிறேன். எடுத்துப் போகிறவர்கள் அதைப் படித்துவிட்டுப் போகட்டும்.

செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார். சாப்பாடு தயார் என்று அர்த்தம்.